ஸ்டூவர்ட் டாங்கின் உள்ளே எது அசல், எது பிறகு மாட்டியது?

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க இலகு டாங்கான எம்3 ஸ்டூவர்ட்டில் பெட்டி, பிராக்கெட், டயல் எல்லாம் இருக்கின்றன, எதை நம்புவது என்பது கேள்வி. பொருளைப் பார்க்கும் முன் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள்.

பிராக்கெட்டைக் கழற்றி, அடியில் 600 நம்பர் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நாணய அளவுக்கு மெதுவாகத் தேய்த்தால் பெயின்ட் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். அடியில் ப்ரைமர் மட்டும் இருந்து, சுற்றிலும் ஆலையில் பூசிய வெள்ளை நின்றால் நல்ல அறிகுறி. அடியிலும் மூன்று நான்கு அடுக்கு ஓடினால் அது பிறகு வந்தது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

அடுத்து எண். போர்க்கால ஆர்டினன்ஸ் (அமெரிக்கப் படைத்தளவாடத் துறை) பாகங்களில் ஏ, பி, சி, டி என ஓர் எழுத்தும் எண்ணும் வரும். 4-3-4 என்று பிரித்த 11 இலக்க எண் போருக்குப் பிந்தைய ஸ்டாக். போல்ட்டை வெர்னியரில் அளந்து பாருங்கள்: கால் அங்குலம் 6.35 மி.மீ.; 6 என்றால் யாரோ மெட்ரிக் போட்டிருக்கிறார்கள்.

டரெட்டோடு (பீரங்கி இருக்கும் சுழல் கோபுரம்) சேர்ந்து சுழலும் கூடை, அதாவது ஆட்கள் நிற்கும் தளம், அடுத்த மாடலான எம்3ஏ1-இல்தான் வந்தது. சாதா எம்3-இல் இருந்தால் கலப்பு வண்டி.

பிரிட்டிஷ் வண்டிகளின் 19-ஆம் நம்பர் வயர்லெஸ்ஸில் ரஷ்ய எழுத்தைக் கண்டு சோவியத் செட் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆங்கிலமும் ரஷ்யனும் சேர்ந்த முகப்பு வட அமெரிக்கத் தயாரிப்பு.

டயல் ஒளிராவிட்டாலும் அதில் பூசிய, கதிர்வீசும் ரேடியம் அப்படியே இருக்கும். கண்ணாடியைத் திறக்காதீர்கள்.