வயது வந்தோருக்குக் கற்பிப்பவர் தாம் யாரிடம் கற்பது?

(வயது வந்தோர் கல்வி, தொடர்கல்வி ஆகிய துறைகளில் பணிபுரியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கிற்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது.)

கேள்வி: இருபது ஆண்டுகள் மின்பணியாளராக வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு வயரிங் கற்பிக்கிறேன். எனக்குக் கிடைத்த ஆசிரியப் பயிற்சி சில நாட்களே. என் பாடத்திற்கு அங்கே நான் ஒருவன்தான் ஆசிரியர். பல நிலையங்கள் ஒன்றுசேர்ந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கப் போகிறார்கள். அதில் சேர்வதால் எனக்குப் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. தங்கள் பாடத்திற்குத் தாங்கள் ஒருவரே ஆசிரியர் என்பதுதான் அதற்கு முதற்காரணம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், அதே ஓய்வறையில் இன்னொரு கணக்கு வாத்தியார் இருப்பார். தொழிற்கல்வியிலும் வயது வந்தோர் கல்வியிலும் அந்த வசதி அரிது. வயரிங்கிற்கு ஒருவர், தையலுக்கு ஒருவர், கணக்குப் பதிவியலுக்கு ஒருவர் என்று தனித்தனியே இருப்பார்கள். அவரவர் தொழிலில் அவரவர் தேர்ந்தவர்கள்தாம் என்றாலும், தொழில் தெரிந்திருப்பது வேறு, கற்பவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று தெரிந்திருப்பது வேறு. நியூட்ரல் கம்பியும் எர்த் கம்பியும் ஒன்றே என்று கற்பவர் ஏன் நினைக்கிறார், அந்த எண்ணத்தை எந்தச் செயல்முறையால் மாற்றலாம் என்பதைப் பொதுவான கற்பித்தல் முறைகளை மட்டும் அறிந்த ஒருவரால் தங்களுக்குச் சொல்லித்தர இயலாது. அதே பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்திய இன்னொருவரால்தான் இயலும். அவர் பெரும்பாலும் வேறொரு நிலையத்தில் இருப்பார்.

இங்கிலாந்தின் அனுபவம் இதையே காட்டுகிறது. அங்கு மேற்கல்விக் கல்லூரி (பள்ளி முடித்தவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தொழிற்கல்வி முதலியவற்றைத் தரும் கல்லூரி; பல்கலைக்கழகம் அன்று) ஆசிரியர்களுக்கான தொடக்கப் பயிற்சியை ஆஃப்ஸ்டெட் எனப்படும் கல்விக் கண்காணிப்பு அமைப்பு ஆராய்ந்து, 2003-இல் அறிக்கை வெளியிட்டது. பணியிடத்தில் அந்தந்தப் பாடத்தில் அனுபவமுள்ள வழிகாட்டி ஆசிரியரின் துணை முறையாகக் கிடைப்பதில்லை என்பது அது சுட்டிய முக்கியமான குறை. அதன் பின் வந்த சீர்திருத்தங்களின் ஒரு பகுதியாக, பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் வயது வந்தோர் கல்வி நிலையங்களையும் இணைக்கும் ஆசிரியப் பயிற்சிச் சிறப்பு மையங்கள் 2007-இல் உருவாக்கப்பட்டன.

ஆகவே கூட்டமைப்பில் சேர்ந்தவுடன் தங்கள் பாடத்தை நடத்தும் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் வகுப்பில் ஒரு நாள் பின்வரிசையில் உட்காருங்கள். பிறகு அவரைத் தங்கள் வகுப்புக்கு அழையுங்கள். அழைக்கும்போது, எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “என் வகுப்பு எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்ற பதில்தான் வரும். “எர்த் பற்றிப் பேசியபோது யார் யார் குழம்பினார்கள்?” என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவதற்குச் செய்தி இருக்கும்.

கேள்வி: நேரில் போகாமல் இணையவழிக் கூட்டங்களும் வகுப்பின் காணொளிப் பதிவும் போதுமா?

பதில்: தொலைவில் இருப்பவர்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால் கேமரா பெரும்பாலும் ஆசிரியரையே காட்டும். கற்பவரின் கை நடுங்குவதையும், தெரியாததை மறைக்க அவர் நோட்டைப் புரட்டுவதையும் காட்டாது. அத்துடன், எழுத்துக் கற்க வந்திருக்கும் பெரியவர் பலருக்குத் தாம் கற்பதே வெளியே தெரியக்கூடாது என்ற கூச்சம் இருக்கும். அவர்கள் மனமார இசையாமல் பதிவு செய்வது தவறு.

கேள்வி: ஒரு கல்வி நிலையத்தின் பொறுப்பாளர் நான். ஐந்து நிலையங்களோடு ஒப்பந்தம் செய்து இரண்டாண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கொரு கருத்தரங்கு நடக்கிறது, பாடக்குறிப்புகளைப் பரிமாறிக்கொள்கிறோம். ஆனாலும் வகுப்பறையில் எந்த மாற்றமும் தெரியவில்லையே, ஏன்?

பதில்: தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அதில் கையெழுத்திட்டவர்கள் வருகிறார்கள், கோப்புகள் வருகின்றன. ஆசிரியர்கள் எங்கும் வரவில்லை. பாடக்குறிப்பு என்பது ஒருவர் எடுத்த முடிவுகளின் மிச்சம் மட்டுமே. ஏன் அந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தார், சென்ற முறை எது பலிக்காமல் போனது என்பதெல்லாம் அவரோடு பேசினால்தான் தெரியும்.

இத்துறையில் பலர் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பகுதிநேர ஆசிரியர்கள். வகுப்பெடுத்தால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவரை, ஊதியமில்லாமல் இன்னொரு நிலையத்துக்குப் போய்க் கற்றுவா என்று சொல்வது நியாயமாகாது. பயிற்சிக்குச் செல்லும் நேரத்திற்கும் ஊதியம் கொடுங்கள். அவர் வகுப்பைக் கவனிக்க மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்யுங்கள். அந்நேரத்தைக் கால அட்டவணையிலேயே குறித்துவிடுங்கள். இதற்குப் பணம் ஒதுக்காத கூட்டமைப்பு எத்தனை ஒப்பந்தம் போட்டாலும் காகிதத்தில்தான் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு தடையும் உண்டு. ஆறு நிலையங்களும் ஒரே மாணவர்களைச் சேர்க்கப் போட்டியிடுகின்றன என்றால், தம் வகுப்பின் குறையைப் பக்கத்து நிலையத்தாரிடம் எந்த ஆசிரியரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சக ஆசிரியர் பார்வையிட்டு எழுதும் குறிப்பு மேலாளர் கைக்கோ பணி மதிப்பீட்டுக்கோ போகாது என்று ஆறு பொறுப்பாளர்களும் எழுத்தில் உறுதியளியுங்கள். பிறகு, ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் சில வாரங்களிலேயே நின்றுவிடுவது ஏன் என்பதை ஆறு நிலையத்து ஆசிரியர்களும் சேர்ந்து கவனித்து, ஆளுக்கொரு மாற்றம் செய்துபார்த்து, அடுத்த மாதம் கூடிப் பேசட்டும். கூட்டங்களை ஒழுங்குபடுத்தப் பொறுப்பான ஒருவர் வேண்டும். அவருக்கும் வேலைநேரத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் எழுத்தறிவு வகுப்புகளுக்கு ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்களைச் சேர்க்கலாமா?

பதில்: இங்கிலாந்தில் மேற்கல்வி ஆசிரியர்களுக்குத் தகுதியைக் கட்டாயமாக்கிய 2007-ஆம் ஆண்டு விதிகள் 2013-இல் நீக்கப்பட்டன; இந்த விவாதம் அங்கும் ஓயவில்லை. என் விடை ஒரு நிபந்தனையோடு கூடியது: சேர்க்கலாம், ஆனால் தனியாக விடக்கூடாது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஜான்ஸ் தீவில் 1957-இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய முதல் குடியுரிமைப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். வாக்காளராகப் பதிந்துகொள்ள எழுத்தறிவு கேட்கப்பட்ட காலம் அது; அந்த எழுத்தறிவைப் பெரியவர்களுக்குக் கற்பிக்கவே அப்பள்ளி தொடங்கியது. அங்கே கற்பித்த பெர்னிஸ் ராபின்சன் சிகை ஒப்பனைத் தொழில் செய்தவர். ஆசிரியராக இருந்து பழகியவர் அல்லர். குழந்தைகளுக்கான பாடப்பொருள்களை ஒதுக்கிவிட்டு, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று வந்தவர்களையே கேட்டு, அதிலிருந்து பாடத்தை அமைத்தார். அவர் பின்னே அனுபவமிக்க ஆசிரியரான செப்டிமா கிளார்க்கும், பெரியவர்களுக்குப் பயிலரங்குகள் நடத்திய ஹைலேண்டர் பள்ளி என்ற பயிற்சி நிலையமும் இருந்தன. பின்னாளில் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பயிலரங்குகளில் பயிற்சி பெற்றுத் தம் ஊர் திரும்பி, இத்தகைய வகுப்புகளைத் தொடங்கினார்கள்.

எனவே புதிதாக வருபவரின் முதல் பருவத்தில் வாரம் ஒருமுறையாவது மூத்த ஆசிரியர் ஒருவர் அவருடன் வகுப்பில் இருக்க வழிசெய்யுங்கள். தங்கள் நிலையத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் அடுத்த நிலையத்திடம் தயங்காமல் கேளுங்கள். பதிலுக்குத் தாங்கள் அனுப்பக்கூடிய ஆசிரியர் யார் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.