நெகட்டிவில் கை வைத்தவன் – கடிதம்

வணக்கம் ஐயா,

அரூரிலிருந்து எழுதுகிறேன், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எங்கள் பக்கத்து நடுகற்களைப் படமெடுத்து, தேய்ந்துபோன வட்டெழுத்தை, அதாவது பழைய தமிழ் எழுத்தை, தெளிவாகக் காட்ட பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி வருகிறேன். கேமரா பதிந்தபடியே தருகிற 14 பிட் ரா ஃபைலைக் கருப்பு வெள்ளையாக்கி, பைத்தானில் படம் காட்டும் மேட்பிளாட்லிப்பில் பார்த்தால் எழுத்து ஓரளவு தெரிகிறது. அதையே 8 பிட்டாக்கிச் சேமித்தால் படம் முழுக்கக் கோலம் போட்டதுபோல் வரிகள் வருகின்றன. 257ஆல் வகுத்துப் பார்த்தேன், ஒரே இருட்டு. கடைசியில் இருட்டு, வெளிச்சம் என்ற இரு முனையிலும் 2 சதவீதப் புள்ளிகளை வெட்டி, மீதியை 0 முதல் 255 வரை விரித்தேன். எழுத்து பளிச்சென்று வந்தது. 2 வைப்பது சரியா, 1 வைப்பதா? என் நண்பன் இது ஏமாற்று வேலை என்கிறான். லேப்டாப்பில் இடம் இல்லாததால் ரா ஃபைல்களை அழித்துவிட்டேன். விரித்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

ச., அரூர்

அன்புள்ள ச.,

கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு டீ தம்ளரைக் கீழே வைத்தேன். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தக் கோலம். படத்தின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஓர் எண், 0 கருப்பு. 8 பிட்டில் 255க்கு மேல் எண் கிடையாது. பைத்தானில் எண்களைக் கையாளும் நம்பையிடம் நேராக 'யுஇன்ட்8 ஆக்கு', அதாவது 8 பிட் ஆக்கு, என்றால் அது சுருக்கித் தராது. 256 வந்ததும் மறுபடி 0விலிருந்து எண்ணத் தொடங்கும், பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் சுற்றி வருவதுபோல. 1023 வெள்ளை, பக்கத்துப் புள்ளி 1024 கருப்பு. நீங்கள் பார்த்த வரிகள் இவைதான். 257 என்பது 16 பிட்டின் உச்சமான 65,535ஐ 255க்கு இறக்கும் கணக்கு. நம் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிட்டு எண்ணெய் ஊற்றுகிறோம். அந்தக் கரிய கல்லை நிழலில் எடுத்தால் மதிப்புகள் 900க்கும் 1700க்கும் நடுவே முடங்கிக் கிடக்கும். 257ஆல் வகுத்தால் அவை 3இலிருந்து 6க்குள் விழும். இருட்டாகத் தெரியாமல் என்ன செய்யும்?

மேட்பிளாட்லிப்பில் தெரிந்ததற்குக் காரணம் வேறு. எல்லை எதுவும் சொல்லாவிட்டால், படத்தின் மிகக் குறைந்த மதிப்பைக் கருப்பாகவும் மிகக் கூடியதை வெள்ளையாகவும் அது தானே வைத்துக்கொள்கிறது. காட்டும்போது செய்கிற இந்த உபகாரம் உங்கள் எண்களுக்குள் போகாது. அதையும் முழுக்க நம்ப முடியாது. கெட்டுப்போன ஒரே ஒரு பிக்சல் 14 பிட்டின் உச்சமான 16,383 என்று எரிந்தால், உங்கள் எழுத்து மொத்தமும் 0இலிருந்து 13க்குள் நசுங்கிவிடும். ஆகவே முனைகளை வெட்டியது சரி. விரிக்கும்போது கீழ் எல்லையைக் கழிப்பீர்கள். அதற்கு முன் ஃப்ளோட், அதாவது தசம எண், ஆக்கிக்கொள்ளுங்கள், குறியில்லாத 16 பிட் எண்ணில் 100இலிருந்து 200ஐக் கழித்தால் 65,436 வந்து நிற்கும். இரண்டு கற்களின் வெளிச்சத்தை ஒப்பிடுவதென்றால் இரண்டுக்கும் ஒரே எல்லை வையுங்கள்.

நண்பனை விடுங்கள். கழிப்பதும் பெருக்குவதும் ஏமாற்று இல்லை. கல்லில் சாக்பீஸைத் தேய்த்து எழுத்தைப் படிக்கிறார்களே, அதைவிட ஆயிரம் மடங்கு யோக்கியமான வேலை.

ஆனால் ரா ஃபைலை அழிக்கச் சொல்லி யாரய்யா உங்களுக்குச் சொன்னது?

1984இல், பத்தாம் வகுப்பு விடுமுறையில், தருமபுரியில் பெரியப்பாவின் ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தேன். டார்க் ரூமில் அவர் சொல்லும் சட்டம் ஒன்றுதான்: "பிரிண்ட் எத்தனை வேணா கிழிச்சுப் போடு. நெகட்டிவ்ல நகம்கூடப் படக்கூடாது." மங்கலான நெகட்டிவ் என்றால் 4ஆம் நம்பர் பேப்பரில் போடுவார், கருப்பும் வெள்ளையும் பிரிந்து நிற்கும். இன்று நீங்கள் செய்கிற அதே விரிப்புதான். நெகட்டிவ் உறைக்குள் திரும்பிப் போய்விடும்.

பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். தம்பி இறந்துவிட்டானாம். அவனுக்கென்று ஒரு படம் இல்லை. நாங்கள் எடுத்த கல்யாணக் கூட்டப் படத்தில் பந்தல் நிழலில் கடைசியாக நிற்பவன் அவன். கல்யாண வீட்டு பிரிண்டில் முகம் வெறும் கருப்பு. நெகட்டிவில் இருக்குமா என்று கேட்டு வந்திருந்தார். இருந்தது. விளக்கில் பிடித்தால் மூக்கு, மீசை எல்லாம் மெல்லிய புகைபோலத் தெரிந்தது.

பெரியப்பா காரிமங்கலத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போன நேரத்தில், அவர் வருவதற்குள் அசத்திவிடலாம் என்று அந்த நெகட்டிவை ரெட்யூசரில் போட்டேன். பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஹைப்போவும் கலந்த மஞ்சள் தண்ணீர் அது. நெகட்டிவில் படமாகப் படிந்திருப்பது வெள்ளி, வெளிச்சம் பட்ட இடத்தில் அதிகம். அதை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு இது கரைக்கும். பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் வெள்ளி தாராளமாக இருந்ததால் கொஞ்சம் போனதும் படம் துலங்கியது. நிழலில் நின்றவனிடம் இருந்ததே கொஞ்சம்தான். கழுவி எடுத்துப் பார்த்தால் அவனுடைய வெள்ளைச் சட்டை இருந்தது. சட்டைக்கு மேலே ஒன்றுமில்லை.

பெரியப்பா அடிக்கவில்லை. "முதல்ல ஒரு பிரிண்ட் போட்டியா?" என்றார். போடவில்லை. அந்த அம்மாவிடம் நெகட்டிவ் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது என்று பொய் சொன்னார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கல்யாணப் பிரிண்டையே கேட்டு வாங்கிப் பார்த்து, "சட்டை அவனுதுதான்" என்று சொல்லி முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார்.

கல்லில் வெட்டிய எழுத்து பள்ளம். பள்ளத்தில் விழுவது நிழல். நீங்கள் கீழ் முனையில் வெட்டிய 2 சதவீதம் எந்த இடம் என்று இப்போது புரிகிறதா? அங்கே 930, 915, 900 என்று வேறுவேறாக இருந்தவை எல்லாம் இன்று ஒரே 0. 'தொறு', அதாவது மாட்டு மந்தை, என்று நீங்கள் படித்துச் சொல்வது எழுத்தா விரிசலா என்று நாளை ஒருவர் கேட்டால் எதைத் திறந்து காட்டுவீர்கள்?

சரி, திட்டியது போதும். கல் அங்கேயேதான் நிற்கிறது, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது போய் மறுபடி எடுக்கலாம். 2ஆ 1ஆ என்றால், நகலில் இரண்டையும் போட்டுப் பார்த்து எழுத்து எதில் தெரிகிறதோ அதை வையுங்கள். அதற்கு முன் கேமரா கார்டைக் கழற்றி எடுத்து வையுங்கள். லேப்டாப்பில் ஏற்றிய பின் கார்டிலும் அழித்திருந்தால், அந்த ஃபைல், அதன்மேல் புதிதாக எழுதாதவரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், மீட்டெடுக்க மென்பொருள் உண்டு. மறுபடி எடுக்கப் போகும்போது வேறு கார்டு போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்