டிவி தொடர்களில் வரும் கல்யாணமும் காதலும் நிஜத்தில் அப்படித்தான் இருக்கின்றனவா? மும்பை மாதிரி ஊரில் வாழ்கிறவர்களுக்கு அது பொருந்துமா?

மும்பைக்குப் பொருந்தாது. ஆனால் எல்லாமே பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். ஜனங்கள் எப்படிக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்பதைத் தொடர் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கதையில் ஒரு பெண்ணுக்கு எதையெல்லாம் கொடுத்தால் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் முகம் சுளிக்காது என்பது மட்டும் அதிலிருந்து நன்றாகவே தெரியும்.

எங்கள் வீடு மும்பை செம்பூரில். அம்மா திருநெல்வேலிக்காரி, என் மனைவி மராத்திக்காரி, இருவருக்கும் ஒரே டிவி. மனைவி பார்த்தது ‘ஆயி குடே காய் கர்தே’. அம்மா பார்த்தது ‘பாக்கியலட்சுமி’. கொஞ்ச நாள் மராத்தித் தொடரையும் சேர்ந்து பார்த்த அம்மா, “ஏட்டி, இந்த அனிருத் நம்ம கோபில்லா? கதையத் திருடிட்டானுவளா?” என்று கேட்டார். அனிருத்தும் கோபியும் அந்தந்தத் தொடரில் நாயகியின் கணவர்கள். திருட்டு இல்லை. இரண்டுக்குமே மூலம் 2019-இல் தொடங்கிய ‘ஸ்ரீமோயி’ என்ற வங்காளத் தொடர். இந்தியில் ‘அனுபமா’வும் அதே கதைதான். குடும்பத்துக்கே உழைத்துத் தேய்ந்த மனைவி, வேறொரு பெண்ணை நாடும் கணவன், வளர்ந்த பிள்ளைகள், கடைசியில் விவாகரத்து.

அதற்கப்புறம் என்ன ஆகிறது என்பதில்தான் சுவாரஸ்யம். இந்தி அனுபமாவுக்கு 2022-இல் அனுஜோடு மறுமணம், மெஹந்தி, சங்கீத் என்று எதையும் விடாமல் நடத்தினார்கள். மராத்தித் தொடரின் நாயகி அருந்ததியும் ஆஷுதோஷை மணந்தாள். தமிழில் கோபிக்கு ராதிகாவோடு கல்யாணம் நடந்தது. பாக்கியாவுக்கோ மசாலா, கேட்டரிங், ஹோட்டல் என்று தொழில்தான் பெரிய கதையானது. தொழில் நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் விவாகரத்தான அம்மாவுக்கு ஹோட்டல் வைத்துக் கொடுக்க நம் தமிழ் டிவிக்கு வருகிற தைரியம் காதல் என்று வந்தால் வருவதில்லை. அருந்ததி கல்யாணத்தன்று என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். அம்மாவோ, “இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இன்னொரு கல்யாணம்?” என்றார். எங்கள் கட்டடத்தில் ஒரு விதவைப் பெண்மணி மறுமணம் செய்துகொண்டபோது முதல் ஆளாக முறுக்கு டப்பாவோடு போனதும் இதே அம்மாதான். தொடர் எழுதுகிறவர்களுக்கு அந்த முறுக்கு டப்பா கண்ணில் படுவதே இல்லை.

இளம் ஜோடிகள் கதையில் வேறொரு தந்திரம் உண்டு. கட்டாயத்தாலோ குழப்பத்தாலோ முன்பின் பழகாத இருவருக்குத் திடீர்க் கல்யாணம் ஆகிவிடும், பிறகு மெல்ல மெல்லக் காதல் வரும். காரணம் எளிது. பாட்டி, மாமனார், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாரும் ஒன்றாகப் பார்க்கிற டிவியில், தாலி ஏறிவிட்டால் கையைப் பிடிப்பதைக் கூசாமல் காட்டலாம். 2011-இல் சோனியில் வந்த ‘படே அச்சே லக்தே ஹைன்’ இதையே நன்றாகச் செய்தது. வயது கொஞ்சம் ஏறிய இருவர் மும்பையில் மணந்துகொண்டு, பிறகுதான் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள். (அதே வருடம் விஜய் டிவியில் தொடங்கிய ‘சரவணன் மீனாட்சி’யில் ஜோடியாக நடித்த செந்திலும் ஸ்ரீஜாவும் பின்னால் நிஜத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள்!) ஆனால் வாரத்தில் ஐந்தாறு நாள் ஓட வேண்டிய தொடரில் நிம்மதியாக வாழும் தம்பதியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமைக்கு என்ன எழுதுவது? டிஆர்பி வேறு வாரா வாரம் வந்து நிற்கிறது. அதனால்தான் சந்தேகம், நினைவிழப்பு, பழைய காதலி எல்லாம்.

மும்பைக்காரன் கண்ணுக்குப் பெரிய ஓட்டை என்றால் அது வீடுதான். தொடர்க் குடும்பங்கள் மாடிப்படி வைத்த ஹாலில் பட்டுப்புடவையோடு நின்று சண்டை போடுகின்றன. இங்கே பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, பையன் வீடு லோக்கல் ரயிலில் சென்ட்ரல் லைனா, ஹார்பர் லைனா என்பது. வாடகை வீட்டுக்கு டெபாசிட் யார் போடுவது, ஒன் ரூம் கிச்சனில் மாமியாரும் இருப்பாரா, இரண்டு பேரும் லோக்கலில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தபின் யார் குக்கர் வைப்பது, இதுதான் எங்கள் கல்யாணக் கதை. மரைன் டிரைவ் கட்டைச் சுவரில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஜோடிகளில் பலருக்கு வீட்டில் தனியாகப் பேச ஒரு மூலை கிடையாது. கல்யாணமானவர்களும் அங்கே உண்டு.

ஓடிடியில் கதை தேவலையா என்றால், பாதிதான். டெல்லிப் பணக்காரக் கல்யாணங்களுக்குள்ளே இருக்கும் அழுக்கை ‘மேட் இன் ஹெவன்’ காட்டியது, ஆனால் அதில் பணத்துக்குப் பஞ்சமே இல்லை. நிஜ மனிதர்களுக்கு வரன் பார்க்கும் ‘இந்தியன் மேட்ச்மேக்கிங்’ என்ற ரியாலிட்டி ஷோ 2020-இல் வந்தபோது எல்லாரும் திட்டினார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு நேர்மை தெரிந்தது. உயரம், நிறம், சாதி, குடும்ப அந்தஸ்து எல்லாவற்றையும் நம் வீடுகளில் பேசுகிற மாதிரியே கூச்சமில்லாமல் பேசினார்கள்.

காசையும் கல்யாணத்தையும் சேர்த்து ஒழுங்காகச் சொன்ன தொடர் வேண்டுமென்றால் 2002-இல் சன் டிவியில் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யைப் பாருங்கள். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்க ஓர் அப்பா படும் பாடு, சீர், மாமியார் வீட்டுக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. காதல் கம்மி, 800-க்கும் மேல் எபிசோடு, பொறுமை வேண்டும்.