பவர் சப்ளை ஏன் கத்துகிறது? கேட்டவர்களுக்குப் பதில்

கொம்பியூட்டர் இரைச்சல் பற்றிக் கேளுங்கள், ஞாயிறு இரவு இருந்து பதில் சொல்கிறேன் என்று போன கிழமை வாய் கொடுத்துவிட்டேன். திருகோணமலை டவுனில் இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பெட்டிகளைத் திருத்துகிறேன். அதில் நான் துணிந்து கதைக்கக்கூடிய சாமான், சுவர்க் கரண்டைக் கொம்பியூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளை ஒன்றுதான். மற்றவற்றுக்குச் சுருக்கமாகத்தான் பதில் வரும், கோபிக்க வேண்டாம்.

தொடங்க முதல் ஒன்று. சுவரில் செருகிய வயரைக் கழற்றாமல் எதையும் தொடாதீர்கள். கழற்றினாலும் பவர் சப்ளையைத் திறக்காதீர்கள்.

உப்புவெளியிலிருந்து: காலையில் சத்தமே இல்லை அண்ணன். பகல் பத்து மணிக்குப் பிறகு கேம் போட்டால் பவர் சப்ளை ஃபான் ஹோவென்று இரைகிறது. ஃபான் பழுதா?

பழுதில்லை தம்பி, அது தன் வேலையைத்தான் செய்கிறது. கேம் ஓடும்போது உங்கள் கொம்பியூட்டர் 200 வாட் கேட்கிறது என்று வையுங்கள். 80 வீதத் திறன் உள்ள சப்ளை அதைக் கொடுக்கச் சுவரிலிருந்து 250 வாட் இழுக்கும். மிச்ச 50 வாட் எங்கே போகிறது? அந்தச் செங்கல் அளவுப் பெட்டிக்குள்ளேயே சூடாகிறது. 90 வீதச் சப்ளை 222 வாட்தான் இழுக்கும், சூடு 22 வாட். திறன் கூடினது பத்து, சூடு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆட்கள் தவறவிடுகிற கணக்கு இதுதான்.

உள்ளே சூட்டை இழுத்து வெளியே விடுகிற உலோகத் துண்டான ஹீட் சிங்க்கில் ஒட்டினாற்போல, சூட்டை உணர்கிற ஒரு சின்னத் தெர்மிஸ்டர் இருக்கும். ஃபானின் வேகத்தைத் தீர்மானிப்பது அது. 1800 சுற்றில் ஓடுகிற ஃபானை 900க்கு இறக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலத்தான் கேட்கும். ஆகவே சூட்டைக் குறைத்தால் சத்தம் தானாகக் குறையும். ஃபானோடு சண்டை பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இனி நம்முடைய ஊர்ப் பிரச்சினை. பெட்டியில் ஒட்டியிருக்கிற 80 பிளஸ் ஸ்டிக்கருக்கான (திறனுக்குக் கொடுக்கிற சான்று அது; கோல்ட், பிளாட்டினம் என்பவை அதன் தரங்கள்) சோதனையை 23 பாகைச் சூட்டில் செய்கிறார்கள். ஜூலையில் கச்சான் காற்று வீசுகிற நாளில் உங்கள் அறையே 34 பாகை, கேசிங்குக்குள் 40ஐத் தாண்டும். பத்து மணிக்குச் சத்தம் வருவது அதனால்தான். கேசிங்கைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னே இழுங்கள். சப்ளை கீழ்த் தட்டில் இருந்தால் அடியில் உள்ள வலையைக் கழற்றித் தட்டுங்கள். போன மாதம் உப்புவெளியிலிருந்தே ஒன்று வந்தது. இதழ்களில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது, ஹீட் சிங்க்கில் உப்புக் காற்றின் வெள்ளைப் படலம், அதற்கும் சுருளுக்கும் நடுவில் ஒரு பல்லி, அப்பளம் போலக் காய்ந்து.

லிங்கநகர் ரீச்சர்: கோல்ட் தரம் வாங்கினால் கரண்ட் பில் எவ்வளவு குறையும்?

சொற்பம்தான் ரீச்சர். சராசரி 150 வாட், நாளுக்கு 6 மணித்தியாலம் என்று பிடித்தால் 80 வீதத்துக்கும் 90 வீதத்துக்கும் வித்தியாசம் மாதம் நாலு யூனிட்டுக்கும் குறைவு. உங்கள் பில் அடுத்த படிக்குத் தாண்டுகிற விளிம்பில் இருந்தால் மட்டும் உறைக்கும். கோல்டை பில்லுக்காக வாங்காதீர்கள், சூட்டுக்காக வாங்குங்கள். உள்ளே மின்னைச் சேர்த்து வைக்கிற கபாசிற்றர் 10 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் உழைக்கும். இன்னொரு நல்ல சேதி: நமக்கு 230 வோல்ட். அமெரிக்காவின் 115 வோல்ட்டுக்குப் பாதிச் சுமையில் கோல்ட் என்றால் 90 வீதம், 230க்கு 92.

ஓர்ஸ் ஹில்: எங்கள் வீட்டு சீலிங் ஃபான் டக் டக் என்கிறது, அதையும் பார்ப்பீர்களா?

கரண்ட் வேலை செய்கிறவரைக் கூப்பிடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: எனக்குத் தையல் கடை. பில் அடிக்கிற கொம்பியூட்டரின் பின்பக்க ஃபான் காலையில் கிர்ர் என்று பத்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கும். மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் என்ன?

நானா, உங்கள் காது சரியாகப் பிடித்திருக்கிறது. குளிரில் கத்தி, சூடானதும் அடங்கினால் அது ஸ்லீவ் பேரிங், அதாவது ஃபானின் அச்சு சுழல்கிற குழல், காய்ந்த சத்தம். எண்ணெய் விட்டால் நிற்கும், ஆனால் கொஞ்சக் காலத்துக்குத்தான். தேய்ந்த துளை திரும்ப வட்டமாகாது. ஃபானை மாற்றுவதுதான் வேலை. பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டியிருப்பதால் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

மூதூர்த் தம்பி, இடையில்: மெஷின் எண்ணெய் எதற்கு? தேங்காய் எண்ணெய் விட்டு என் ஃபான் ஒரு வருஷமாக ஓடுது.

கிண்ணியா நானா: தேங்காய் எண்ணெய் விட்ட தையல் மெஷினை நீர் பார்த்திருக்கிறீரா தம்பி? எத்தனை கொண்டுவந்திருக்கிறார்கள் என்னிடம். ஊசித் தண்டு பசை மாதிரி இறுகி, மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கழுவ வேண்டி வரும்.

மூதூர்த் தம்பி: மெஷின் வேறு, ஃபான் வேறு. டபிள்யூடி-40 அடித்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் நான் நானா பக்கம். சமையல் எண்ணெய் தூசியோடு சேர்ந்து களியாகிவிடும். டபிள்யூடி-40இல் கரைப்பான்தான் அதிகம். பேரிங்கில் மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகும், இரண்டு கிழமையில் முன்பைவிடப் பலமாகக் கத்தும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, இறுகாது. அதில் நானாவின் முப்பது வருஷ அனுபவத்துக்கு முன்னால் எனக்கு வாய் இல்லை.

ஆனால் நானா, தையல் மெஷினில் எண்ணெய் விடுகிற துளை வெளியே இருக்கிறது. இதில் ஸ்டிக்கரை உரித்து ரப்பர் மூடியைக் கழற்ற வேண்டும், அதற்கு முன் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் அங்கே பெருவிரல் தடிப்பில் ஒரு கபாசிற்றர். சாதாரணச் சப்ளையில் அதில் 325 வோல்ட் டிசி நிற்கும், ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுக்க வைக்கிற சுற்று) உள்ளதில் 400க்குக் கிட்ட. வயரைக் கழற்றின பிறகும் நிற்கும். அதை வடிக்க வேண்டிய ரெசிஸ்டர் செத்திருந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் வலது கைச் சுட்டுவிரலில் இன்னும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது.

ஃபான் வாங்கி மாற்றப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 120 மில்லிமீற்றர், 12 வோல்ட் என்று பார்த்தால் மட்டும் போதாது. சப்ளை அமைதியாக இருக்கும்போது ஃபானுக்கு 4, 5 வோல்ட்தான் கொடுக்கும். அந்த வோல்ட்டில் புது ஃபான் புறப்படாவிட்டால் உள்ளே அவியும், வெளியே உங்களுக்குத் தெரியாது.

கன்னியா: 650 வாட் வாங்கவா, 850 வாங்கவா?

கிராபிக்ஸ் கார்ட் என்னவென்று எழுதாமல் கேட்டால் எப்படி?

தம்பலகாமம்: 850 வாங்கினால் கரண்ட் கூட இழுக்குமா?

இழுக்காது. கொம்பியூட்டர் கேட்பதைத்தான் கொடுக்கும். பெரியது வாங்கினால் பாதிச் சுமையில் ஓடும், ஃபான் மெதுவாகச் சுற்றும். ஆனால் சும்மா இருக்கும்போது 40 வாட் கேட்கிற கொம்பியூட்டருக்கு 850 என்றால் சுமை ஐந்து வீதம்கூட இல்லை. பிளாட்டினம் வரையுள்ள தரங்களுக்கு 20 வீதத்துக்குக் கீழே இவ்வளவு திறன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது.

சீனக்குடா: கேசிங்கோடு வந்த 500 வாட் இருக்கிறது. அதிலேயே கார்ட் போடலாமா? சத்தம்தான் கொஞ்சம் கூட.

பக்கத்து லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்குங்கள்: 216 வாட். கார்டும் பிராசசரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டில்தான். மிச்சம் 284 வாட் பெயரளவில். போடாதீர்கள்.

குச்சவெளி: புதுச் சப்ளை, ஃபான் சுற்றவேயில்லை. வாரண்டியில் கொடுக்கவா?

நிலாவெளி: என் ஃபான் நின்றுபோய்விட்டது, புதுசு.

இன்னுமொருவர்: ஃபான் சுற்றாத சப்ளை ஆபத்தா?

மூன்று பேருக்கும் ஒரே பதில். பின்பக்கத்தில் ஹைபிரிட், ஈக்கோ, ஸீரோ ஆர்பிஎம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சுமை குறைவாக இருக்கும்போது ஃபானை நிறுத்தியே வைக்கிற மாடல் அது. நம்முடைய சூட்டுக்கு அந்த ஸ்விட்சை அணைத்து, ஃபானை மெதுவாகச் சுற்ற விடுவதுதான் என் விருப்பம். ஊசியால் இதழைத் தட்டிப் பார்க்காதீர்கள். ஊசி உள்ளே விழுந்தால் மேலே சொன்ன கபாசிற்றர் இருக்கிறது.

பாலையூற்று: கேமின் முதல் மெனு வரும்போது மட்டும் கீச் என்று நுளம்பு போல ஒரு சத்தம். ஃபானா?

இல்லை. சுருள் அதிர்கிற சத்தம் அது. மெனுவில் வேலை இல்லாததால் கார்ட் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான படம் வரைந்து தள்ளும். அதை 60க்குக் கட்டிப்போடுங்கள், பெரும்பாலும் அடங்கும். கார்டிலிருந்து வருகிறதா, சப்ளையிலிருந்தா என்று அறியக் காகிதக் குழாய் ஒன்றைக் காதில் வைத்துக் கிட்டக் கொண்டுபோங்கள். கேசிங்குக்குள் தலையை விட வேண்டாம்.

மட்டிக்களி: கரண்ட் போகும்போது யூபிஎஸ் இருந்தும் கொம்பியூட்டர் நிற்கிறது. கோல்ட் சப்ளை போட்ட பிறகுதான் இப்படி.

உங்கள் யூபிஎஸ், சுவர்க் கரண்டைப் போல வளைந்து வருகிற சைன் அலை தராத மலிவு வகையாக இருக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சப்ளை சிலதுக்கு அந்தச் சதுர அலை ஒத்துவராது. யூபிஎஸ்ஸை மாற்றுங்கள், சப்ளையைக் குறை சொல்லாதீர்கள்.

மூதூர், வேறொருவர்: 650ஆ 850ஆ?

மேலே.

முருகாபுரி: எந்த பிராண்ட் நல்லது?

பிராண்ட் சொல்ல மாட்டேன். ஒரே பிராண்டே நல்லதும் விற்கிறது, குப்பையும் விற்கிறது. மாடலைச் சொல்லிக் கேளுங்கள்.

கிண்ணியா நானா: தம்பி, விட்டுட்டேன். இரண்டே சொட்டு. சத்தம் போயிட்டுது, அல்ஹம்துலில்லாஹ்.

கடைக்குக் கொண்டுவரச் சொன்னேனே நானா. வயரைக் கழற்றினீர்களா?

கிண்ணியா நானா: பின்னால் இருக்கிற ஸ்விட்சை அணைச்சேன்.

சுவரில்?

கிண்ணியா நானா: சுவரில் இருக்கட்டும், தையல் மெஷினும் அதே பிளக்கில்தானே.

நானா, நாளைக்குக் காலையில் நான் கிண்ணியாவுக்கு வருகிறேன். அதுவரை அதைத் தொடாதீர்கள்.