ஃபைட்டராக ஆட எவ்வளவு செலவிட வேண்டும்?

கேள்வி: அலுவலக நண்பர்களுடன் ஞாயிற்றுக்கிழமைகளில், ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடத் தொடங்குகிறேன். மந்திரத்தைவிட வாள்சண்டையே பிடித்திருப்பதால் ‘ஃபைட்டர்’ பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். விதிநூல், உலோகப் பகடைகள், வீரன் பொம்மை ஆகிய மூன்றையும் சேர்த்து 7,500 ரூபாய்க்குத் தருவதாக இணையத்தில் ஒருவர் சொல்கிறார். நூல் அசல் என்கிறார். முகவரி மட்டும் தரவில்லை. வாங்கலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம். மந்திரவாதியாக ஆடுபவருக்கு நீண்ட மந்திரப் பட்டியல் அருகில் இருக்க வேண்டும். ஃபைட்டருக்குத் தொடக்கத்தில் பாத்திரக் குறிப்புத்தாளும் பகடைகளும் போதும்.

முதலில், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் 2014ஆம் ஆண்டு விதிகளா, 2024ஆம் ஆண்டு விதிகளா என்று கேளுங்கள். சண்டையின் நடுவே, இழந்த உயிர்ப்புள்ளிகளில் சிலவற்றை மீட்டுத் தரும் ‘செகண்ட் விண்ட்’ பழைய விதிகளில் ஓர் ஓய்வுக்கு ஒரு முறைதான். புதியவற்றில் முதல் லெவலிலேயே இரு முறை கிடைப்பதோடு, ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும் ‘வெப்பன் மாஸ்டரி’ பலனும் சேர்கிறது. ஆகவே உங்கள் குழு ஆடாத பதிப்பை வாங்கினால் பணம் வீண். இரண்டுக்குமான அடிப்படை விதிகளை எஸ்ஆர்டி 5.1, எஸ்ஆர்டி 5.2 என்ற பெயர்களில் பதிப்பாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே இலவசமாக வெளியிட்டுள்ளது.

ஃபைட்டரின் உட்பிரிவை 3ஆம் லெவலில்தான் தேர்ந்தெடுப்பீர்கள். தாக்கும்போது உருட்டும் இருபதுமுகப் பகடையில் 20 மட்டுமன்றி 19 விழுந்தாலும் கூடுதல் சேதம் தரும் ‘கிரிட்டிகல்’ தாக்குதலாகக் கொள்ளும் ‘சாம்பியன்’ பிரிவு அந்த இலவச விதிகளிலேயே இருக்கிறது. போர் உத்திகள் நிறைந்த ‘பேட்டில் மாஸ்டர்’ அவற்றில் இல்லை. அதை விரும்பினால் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ என்ற விதிநூலை வாங்குவது நியாயமான செலவு. அதுவரை சில வாரங்கள் ஆடிப் பார்த்துவிட்டு, கடையில் நேரில் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். நகலெடுத்துக் கட்டிய பிரதிகளும் ‘அசல்’ என்று விற்கப்படுவதால் இதை வலியுறுத்துகிறேன்.

பகடைகளை இப்போதே வாங்கலாம். சாதாரண பிளாஸ்டிக் போதும். ஏழு பகடைகள் கொண்ட வழக்கமான தொகுப்பில் ஆறுமுகப் பகடை ஒன்றுதான் இருக்கும். இரு கைகளால் ஏந்தும் பெரிய வாளான கிரேட்ஸ்வார்டு ஏந்தினால், ஓர் அடியின் சேதத்தைக் கணக்கிடவே இரண்டு வேண்டும். வீட்டு லூடோ பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 5ஆம் லெவலில், உங்கள் ஆட்ட வாய்ப்பு ஒவ்வொன்றிலும் இருமுறை தாக்கலாம் என்பதால், வேறு நிறத்தில் இன்னோர் இருபதுமுகப் பகடை இருந்தால் ஆட்டம் தடைபடாது. வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடியைக் குறிக்கும். அதில் நிற்க ஒரு ரூபாய் நாணயமே போதும் என்பதால் பொம்மை அவசியமில்லை.

விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ போலியையோ திரும்பப் பெற்றுப் பணம் தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் கூறுகின்றன. முகவரியே தெரியாதவரிடம் அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது மிகக் கடினம். வேறு விற்பனையாளரிடம் வாங்கி ஏமாற்றம் நேர்ந்தால், விளம்பரத்தின் படத்தையும் பணம் செலுத்திய ரசீதையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடுங்கள். அதில் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் பெங்களூருவிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம்.