பிஸ்டனின் எந்தப் பக்கம் கீறியிருக்கிறது? டூ ஸ்ட்ரோக் சூடு பற்றிய கேள்வி பதில்

இங்கே பேச்சு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பற்றி மட்டும். கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். சைலன்சரைக் கழற்றி, புகை போகும் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். நான்கு போல்ட் கூட இருக்காது. "இன்ஜின் ரொம்ப சூடாகுது" என்று மட்டும் சொன்னால் என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: அண்ணா, என் செயின்சாவில் பிஸ்டன் ஜாம் ஆகி, புதுசு போட்டேன். இரண்டே மாதத்தில் அதுவும் போய்விட்டது. புகை போகும் பக்கம் மட்டும் நீள நீளக் கோடுகளாகக் கீறல். எதிர்ப்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. ஆயில் சரியாகத்தான் கலந்தேன். ஒரு விஷயம், ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்காமல் சற்று நேரம் நின்று இறங்குகிறது.

பதில்: அந்தக் கடைசி வரியை நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

புகை போகும் பக்கம்தான் பிஸ்டனில் அதிகம் சூடேறும் இடம். எரிந்த வாயு ஒவ்வொரு சுற்றிலும் அதை உரசித்தான் வெளியேறுகிறது. எதிர்ப்பக்கத்துக்குப் புதுக் கலவை வந்து குளிர்ச்சி கொடுக்கும், இந்தப் பக்கத்துக்கு அது கிடையாது. சூடேறினால் அலுமினியம், இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி முதலில் அங்கேதான் அடைபடும். ஆயில் படலம் கருகி, பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ளும்.

ஆயிலே கலக்காமல் ஓட்டியிருந்தால் கீறல் சுற்றிலும் இருக்கும், இரண்டு பக்கமும் நாசமாகியிருக்கும். உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் என்பதால் இது சூட்டினால் வந்தது. அந்தச் சூடு பெட்ரோல் குறைந்து காற்று கூடியதால், அதாவது லீன் ஆனதால் வந்திருக்கிறது. ரேஸ் இறங்காமல் நிற்பது எங்கோ காற்று இழுக்கிறது என்பதற்கு அடையாளம். கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்), கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர், சிலிண்டர் அடிப் பேக்கிங் என்று மூன்று இடங்களைச் சந்தேகப்படலாம். உங்கள் கேஸில் என் சந்தேகம் சீல் மேல்தான்.

சீல் வழியாக நுழையும் காற்று கார்புரேட்டரைத் தொடாமல் வருகிறது. அதனால் அதில் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. ஓட்டுபவருக்கோ ரம்பம் வழக்கத்தைவிடக் கூர்மையாகச் சத்தம் போட்டு வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். "இன்னிக்கு நல்லா இழுக்குதே" என்று நினைத்த அன்றுதான் பலருடைய பிஸ்டன் போயிருக்கிறது.

சோதிக்கும் முறை இது. சைலன்சரின் இடத்திலும் கார்புரேட்டரின் இடத்திலும் ரப்பர் துண்டு வைத்து இறுக்கி அடையுங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். கார்புரேட்டருக்குத் துடிப்பு போகும் சின்னத் துளை வழியாகச் சுமார் 0.5 பார் காற்று கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சோப்புத் தண்ணீர் தடவி, கிராங்க்கை மெல்லச் சுற்றியபடியே பாருங்கள். நிற்கும் இடத்தில் ஒழுகாத சீல் சுற்றும்போது ஒழுகும். அப்புறம் காற்றை உறிஞ்சியும் சோதிக்க வேண்டும். சீலின் உதடு அமுக்கும்போது தண்டோடு ஒட்டிக்கொண்டு, உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கும். பாதிப் பேர் முதல் சோதனையோடு நிறுத்திவிட்டு "சீல் நல்லா இருக்கு" என்பார்கள்.

இதை முடிக்காமல் மூன்றாவது பிஸ்டன் வாங்காதீர்கள்.

கேள்வி: பிஸ்டன் தலை முழுக்கக் கறுப்பாக இருக்கிறது. அதிகச் சூடா?

பதில்: மேலே கறுப்பாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது கரி படியும் இடம். கலவை வந்து மோதும் ஓரங்களில் கரி கழுவப்பட்டு உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தெரிந்தால் நல்லது. பெரிய திட்டாகத் தெரிந்தால் பெட்ரோல் அதிகம், ரிச். கொஞ்சம்கூடத் தெரியாமல் ஓரம்வரை காய்ந்த கரி என்றால் லீன் பக்கம் போகிறது.

அதைவிட நம்பகமானது அடிப்பக்கம். பிஸ்டனைக் கழற்றிக் கவிழ்த்து, தலைக்கு நேர் கீழே பாருங்கள். வெளிர்ப் பழுப்பு என்றால் நிம்மதி. ஆயில் கருகிக் கறுப்புத் திட்டாக ஒட்டியிருந்தால் சூடு அதிகம். சாம்பல் நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் அந்தப் பிஸ்டனைத் திரும்பப் போடாதீர்கள்.

கேள்வி: என் மெஷினுக்கு 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்று போட்டிருக்கிறது. சூடு குறைய 25:1 கலக்கலாமா?

பதில்: சூட்டுக்குக் காரணம் லீன் என்றால் ஆயிலை இரட்டிப்பாக்குவது காய்ச்சலுக்கு விசிறி வீசுவது மாதிரி. கரி மட்டும் கூடும்.

கேள்வி: (வேறொருவர்) அப்படிச் சொல்லாதீர்கள். ஆயில் கூடினால் பெட்ரோல் குறைந்து இன்னும் லீன் ஆகிவிடும், அதனாலேயே ஜாம் ஆகும் என்று என் மெக்கானிக் சொன்னார்.

பதில்: திசை சரி, அளவுதான் தப்பு. கணக்குப் போடுவோம். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. ஒரு லிட்டர் கலவையில் பெட்ரோல் முதலாவதில் 980 மில்லி, இரண்டாவதில் சுமார் 962 மில்லி. வித்தியாசம் 2 சதவீதத்துக்கும் குறைவு. கார்புரேட்டர் ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பினாலே இதைச் சரிக்கட்டிவிடலாம். இதனால் மட்டும் ஜாம் ஆனது என்றால் அந்த இன்ஜின் ஏற்கெனவே விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கேள்வி: (25:1 கேட்டவர் மீண்டும்) அப்படியானால் கூடுதல் ஆயில் கெடுதல் இல்லை என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்!

பதில்: லீன் ஆக்கிக் கொல்லாது என்றேன். நல்லது என்று எங்கே சொன்னேன்? ஆயில் எரிந்த கரி புகை ஓட்டையைச் சுருக்கும். சைலன்சர் வலையை அடைக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் பள்ளத்தில் இறுகி ரிங்கை அசையவிடாது. ரிங் ஒட்டிக்கொண்டால் எரியும் வாயு பிஸ்டன் பக்கவாட்டில் கீழே இறங்கும். அங்கே ஆயில் படலம் போய், பழுப்பு நிறத்தில் வார்னிஷ் அடித்தது போலக் கறை தெரியும். சூட்டுக்குப் பயந்து ஆயில் ஊற்றியவர் கடைசியில் சூட்டிலேயே வந்து நிற்பார்.

இதில் என் கைத்தவறு ஒன்றும் உண்டு. ஒருமுறை சிலிண்டரைக் கழற்றச் சோம்பல்பட்டு, புகை ஓட்டைக் கரியை அப்படியே சுரண்டினேன். நகத்துணுக்கு அளவு ஒரு சில்லு உள்ளே விழுந்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாளே வண்டி திரும்பி வந்தது. புகைப் பக்கம் ஒரே ஒரு கோடு, அகலமாக, மேலிருந்து கீழ்வரை. ஒற்றைக் கோடு என்றால் பெரும்பாலும் இப்படி ஏதாவது சிக்கியிருக்கும். சூட்டுக் கீறல் பல கோடுகளாகக் கூட்டமாக வரும். சுரண்டுவதாக இருந்தால் பிஸ்டன் அந்த ஓட்டையை முழுக்க மூடியிருக்க வேண்டும், வேலை முடிந்ததும் காற்றடித்து ஊத வேண்டும்.

கேள்வி: அந்தக் காலத்தில் 20:1 கலந்துதானே ஓட்டினார்கள்?

பதில்: அந்தக் காலத்து ஆயிலும் வேறு, பேரிங்கும் வேறு. விகித விவாதத்தை இத்துடன் மூடுகிறேன். உங்கள் மெஷினின் கையேட்டில் உள்ளதைக் கலக்குங்கள்.

கேள்வி: எந்த ஆயில் நல்லது?

பதில்: டப்பாவில் ஜாசோ எஃப்டி (JASO FD) என்ற தரக்குறி இருந்தால் போதும். படகு இன்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலைக் காற்றில் குளிரும் இன்ஜினில் ஊற்றாதீர்கள். அது தண்ணீரில் குளிரும், சூடு குறைந்த இன்ஜினுக்கானது.

கேள்வி: எனக்குக் கீறல் கார்புரேட்டர் பக்கம். பளபளப்பே இல்லை, மங்கலான சாம்பல் நிறம்.

பதில்: இது சூடே இல்லை, தூசி. பிஸ்டனில் கம்பெனி கடைசலில் விழுந்த மெல்லிய வரிகள் அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்து மறைந்திருக்கும். ஏர் ஃபில்டரையும், அது உட்காரும் விளிம்பையும் பாருங்கள். ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டர் வாயில் விரலை விட்டுத் துடைத்தால் மண் ஒட்டும்.

கேள்வி: பிஸ்டன் தலையின் ஓரத்தில் யாரோ மணல் அடித்தது போலச் சின்னச் சின்னக் குழிகள்.

பதில்: நல்ல கேள்வி, வெகுநேரமாக யாராவது இதைக் கேட்பார்களா என்று பார்த்திருந்தேன். இது நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், ஓரத்தில் மிச்சமிருந்த கலவை தானாகவே வெடிக்கிறது. பற்றவைப்பு சீக்கிரம் நடக்கிறதா, லீனா, பெட்ரோலின் ஆக்டேன் குறைவா, ஹெட்டில் கரி ஏறி அழுத்தம் கூடியிருக்கிறதா, குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவில் குப்பை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள், ஒரு குச்சி போதும்.

நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் கதை வேறு. பிளக்கோ கரித்துண்டோ கனன்று, நேரத்துக்கு முன்பே பற்றவைக்கிறது. அப்போது முதலில் பிளக்கின் மேல் போட்டிருக்கும் சூட்டு எண் கையேட்டில் உள்ளதுதானா என்று சரிபாருங்கள்.

கேள்வி: பிளக் வெள்ளையாக இருக்கிறது. குளிர்ச்சியான, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் பிளக் போட்டால் சரியாகுமா?

பதில்: பிளக் மாற்றினால் பிளக்கின் சூடு குறையும், பிஸ்டனின் சூடு குறையாது. கையேட்டில் உள்ள எண்ணைப் போடுங்கள். கம்பெனி மாற்றினால் கவனம். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி.

கேள்வி: சிலிண்டரில் அப்பிய அலுமினியத்தை ஆசிட் போட்டு எடுக்கலாமா?

பதில்: முதலில் உட்சுவரில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு லைனர், உட்சுவரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாம். ஒட்டாவிட்டால் அலுமினியத்தின் மேல் முலாம். ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் வையுங்கள். முலாம் உரிந்த இடத்தில் பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி.

கேள்வி: புகை போகும் பக்கம் கீறல். ஆயில் குறைவா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: என் காரில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது…

பதில்: ஃபோர் ஸ்ட்ரோக் ஆளைப் பாருங்கள்.

கேள்வி: புகைப் பக்கம் கீறல், புது பிஸ்டன் வாங்கிவிட்டேன், நாளைக்குப் போடலாமா?

பதில்: சீல் சோதித்தீர்களா? இல்லையென்றால் அது டப்பாவிலேயே இருக்கட்டும்.

கேள்வி: (செயின்சாக்காரர்) அண்ணா, சோதித்துவிட்டேன். காற்றை அமுக்கியபோது அழுத்தம் அப்படியே நின்றது. உறிஞ்சியபோது மீட்டர் முள் உடனே இறங்கிவிட்டது. ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்தால் சீலுக்குப் பக்கத்தில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கிறது.

பதில்: இரண்டு பக்க சீலையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். போடும் முன் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது, புது சீலும் நிற்காது. மாற்றியதும் மறுபடி இரண்டு விதமாகவும் சோதியுங்கள். அப்புறம் பிஸ்டனைப் போடுங்கள், அதன் தலையில் உள்ள அம்புக்குறி புகை ஓட்டையைப் பார்த்து.