ஐ.டி.ஐ. பயிற்றுநரின் பாடநூல் பயன்பாட்டை எவ்வாறு மதிப்பிடுவது?

கேள்வி: தனியார் ஐ.டி.ஐ. ஒன்றின் முதல்வராகப் பணியாற்றுகிறேன். பயிற்றுநர்களின் பாடக்குறிப்பும் நாட்குறிப்பும் வாரந்தோறும் என் பார்வைக்கு வருகின்றன. எல்லாம் பாடத்திட்டப்படியே நடப்பதாக அவை காட்டுகின்றன. ஆயினும் ஃபிட்டர் மாணவர்கள் ஆண்டு முடிவிலும் சரியான அளவுக்கு அராவத் திணறுகிறார்கள். திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தையும் நிமி (தேசியப் பயிற்று ஊடக நிறுவனம்) வெளியிடும் புத்தகங்களையும் பயிற்றுநர்கள் உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிவது எவ்வாறு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எது நடத்தப்பட்டது என்பதைத்தான் அந்தக் குறிப்பேடுகள் சொல்லும், மாணவருக்கு எது கைவந்தது என்பதை அவற்றில் தேட முடியாது. இன்றைய ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஒவ்வொரு கற்றல் விளைவுக்கும், அது எய்தப்பட்டதா என்று பார்ப்பதற்கான மதிப்பீட்டு அளவுகோல்கள் தரப்பட்டுள்ளன. அந்தப் பக்கங்களே பாடத்திட்டத்தின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே உங்கள் மதிப்பீட்டை அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஃபிட்டர் முதலாண்டில் குறியிடுதல், அறுத்தல், அராவுதல், துளையிடுதல் போன்ற அடிப்படை வேலைகளுக்கு ±0.25 மி.மீ. துல்லியம் கேட்கப்படுகிறது. ஏற்கெனவே மதிப்பெண் இடப்பட்ட சில ஜாப்களை (மாணவர் செய்துமுடித்த பயிற்சித் துண்டுகளை) எடுத்து, பயிற்றுநரின் முன்னிலையிலேயே வெர்னியர் காலிப்பரால் மீண்டும் அளந்து, கிடைத்த அளவு அந்த மதிப்பெண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு, அளவு தவறிய ஜாப்பை அந்த மாணவர் மறுபடி செய்தாரா, அல்லது அதை அப்படியே விட்டுவிட்டு வகுப்பு முழுவதும் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டதா என்று விசாரியுங்கள். பயிற்றுநர் திறனை நோக்கி நடத்துகிறாரா, பாடத்தை முடிப்பதை நோக்கி நடத்துகிறாரா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

மதிப்பெண் பட்டியலும் பல செய்திகளைச் சொல்லும். பாடத்திட்டத்திலுள்ள 60–75, 75–90, 90-க்கு மேல் என்ற மூன்று மதிப்பெண் படிகளும் வேலையின் துல்லியத்தோடு, மாணவருக்கு எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதையும் கணக்கில் கொண்டே வகுக்கப்பட்டவை. வகுப்பு முழுவதும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்றிருந்தால், அந்த அளவுகோல் பயன்படுத்தப்படவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கும்.

சென்னை கிண்டியிலுள்ள நிமி நிறுவனம் தியரிக்கும் பிராக்டிகலுக்கும் தனித்தனிப் புத்தகங்கள் வெளியிடுகிறது. தியரி புத்தகத்தைச் சொல்லச் சொல்ல எழுத வைப்பது பயன்பாடு ஆகாது. பிராக்டிகல் புத்தகத்தின் வரைபடம் வேலை மேசையில் மாணவரின் கண்முன் இருக்கிறதா, அதற்குரிய தியரி பாடம் அதே வாரத்தில் நடந்ததா என்பவையே முக்கியம்.

குறையைப் பயிற்றுநர் மீது சுமத்துமுன் கருவிகளையும் எண்ணிப் பாருங்கள். இருபது பேர் கொண்ட பிரிவுக்கு இரண்டே வெர்னியர் இருந்தால், ஒவ்வொருவரும் அளந்து பழகவில்லை என்று அவரைக் கேட்பது நியாயமன்று. அந்தக் கேள்விக்கு நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: இயந்திரம் பழுதானதால் பயிற்சிகளின் வரிசையை மாற்றி நடத்தினேன். ஆய்வில் இது குறையாகக் கருதப்படுமா?
– பயிற்றுநர், கரூர்

பதில்: கருதப்படக் கூடாது. வரிசையை மாற்றுவது வேறு, பயிற்சியையே விட்டுவிடுவது வேறு. ஆய்வு செய்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். மாற்றியதன் காரணத்தையும், தள்ளிவைத்த பயிற்சி எந்த நாளில் நடந்தது என்பதையும் நாட்குறிப்பில் எழுதுங்கள். அந்த ஜாப்களையும் மதிப்பீட்டுத் தாள்களையும் அடுத்த தேர்வு வரை பாதுகாத்து வையுங்கள்.